காற்றைக் குடித்து வாழும் பிராணி: பச்சோந்தி வளர்த்தவர்களின் கதை

போன மார்கழி லீவில் கனடாவில் இருக்கிற சித்தியின்ர மகனிடமிருந்து ஒரு வொய்ஸ் மெசேஜ் வந்தது. "அண்ணா, என்ர பச்சோந்தி ரெண்டு நாளாக் கண்ணைத் திறக்குதில்லை. முன்னங்கால் ஒண்டு வளைஞ்ச மாதிரியும் இருக்கு. உங்கட கம்பஸில ஆரையும் கேட்டுச் சொல்லுறியளோ?" பதினாறு வயசுப் பெடியன். குரலில் அழுகை முட்டிக்கொண்டு நின்றது.

நான் படிப்பது கலைப்பீடத்தில், அதுவும் வரலாறு. பச்சோந்தி பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அரசியல் மேடைகளில் கேட்டதுதான். "முதல்ல டொக்டரிட்டக் கொண்டு போ. நாய் பூனை பார்க்கிற எல்லாரும் ஊர்வன பார்க்க மாட்டினம், பார்க்கிற ஆளைத் தேடிப் பிடி" என்று பதில் போட்டேன். வேறு என்ன சொல்ல? ஆனால் அன்றிரவு நித்திரை வரவில்லை. அதற்குக் காரணம் அவனுடைய பச்சோந்தி மட்டுமில்லை. என்னுடைய ஒன்றும் இருந்தது.

எனக்கு ஒன்பது வயசிருக்கும். மன்னாரில் அம்மம்மா வீட்டு வளவில், கிளுவை வேலியில் ஒரு பச்சோந்தியைப் பிடித்தேன். சப்பாத்துப் பெட்டியில் ஓட்டை போட்டு, உள்ளே இலை பரப்பி, போத்தல் மூடியில் தண்ணீர் வைத்து, அடிச்ச ஈக்கள் நாலையும் போட்டேன். அது தண்ணீரைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஈயையும் தொடவில்லை. கண் உள்ளுக்குப் போனது. வாயைத் திறந்து திறந்து மூடியது. ஐந்தாம் நாள் காலையில் செத்துக் கிடந்தது. அம்மம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "அது காத்தைக் குடிச்சு வாழுற சாமான். பெட்டிக்குள்ள அடைச்சா காத்துக்கு எங்க போகும்?" என்றா.

வரலாறு படிக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. எதையும் முதலில் செய்தது யார், அது எங்கே பிழைத்தது என்று தோண்டுவது. பச்சோந்தியை முதலில் வளர்த்தவர்கள் யார், அவர்களுடையது எதனால் செத்தது என்று தேடத் தொடங்கினேன். தேடப்போன இடத்தில் முதலில் கிடைத்தது அம்மம்மாதான். அதாவது, அம்மம்மாவின் அதே வசனத்தைக் கிட்டத்தட்ட 2000 வருசத்துக்கு முந்தியே எழுதி வைத்த ஒரு ரோமர்.

பிளினி என்ற அந்த ரோமர் கி.பி. முதலாம் நூற்றாண்டில் எழுதிய 'இயற்கை வரலாறு' என்ற பெருநூலில், பச்சோந்தி உண்பதும் இல்லை, குடிப்பதும் இல்லை, காற்றை மட்டுமே கொண்டு வாழ்கிறது என்று சொல்கிறார். இதே நூலின் இன்னோர் இடத்தில், பச்சோந்தியின் ஒவ்வொரு உறுப்பும் மனிதருக்கு எந்தெந்த மந்திரத்துக்கும் மருந்துக்கும் உதவும் என்று டெமோகிரித்தஸ் பெயரில் வழங்கிய ஒரு முழு நூலையே எடுத்து வைத்துக்கொண்டு, கிரேக்கர்களின் புளுகைப் பாருங்கள் என்று பகிடி பண்ணுகிறார். மற்றவர்களின் புளுகு மட்டும் எல்லாருக்கும் நல்லா விளங்கும் போல.

இதில் கவலை என்னவென்றால், பிளினிக்கு 400 வருசத்துக்கு முன்பே அரிஸ்டோட்டில் இந்தப் பிராணியைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். கண்ணை மூடியிருக்கும் தோல், நடுவில் உள்ள சின்னத் துளை, இரண்டாகப் பிளந்த பாதம் எல்லாம் அவருடைய 'விலங்குகளின் வரலாறு' நூலில் உண்டு. உடம்பை நீளத்துக்கு வெட்டிய பிறகும் அது கனநேரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது என்றும் எழுதுகிறார். அந்த வரியை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கொப்பியை மூடி வைத்தேன். ஒரு பச்சோந்தி எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும் என்று ஒருவர் அக்கறையாகப் பார்த்து எழுதியது, அதைக் கீறிய பிறகுதான்.

காற்றைக் குடிக்கிறது என்ற நம்பிக்கை ஏன் இவ்வளவு காலம் நின்றுபிடித்தது? எனக்குப் படுவது இதுதான். பச்சோந்தி பாத்திரத்தில் இருக்கிற தண்ணீரைத் தண்ணீர் என்று பெரும்பாலும் அறியாது. இலையில் விழுந்த பனித்துளி, மழைத்துளி அசைந்து மினுங்கினால்தான் போய் நக்கும். அசையாத இரையையும் அனேகமாகக் கவனிக்காது. ஒரு கிண்ணம் தண்ணீரும் செத்த பூச்சியும் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதருக்கு, அது எதையும் தொடாத முனிவர் மாதிரித்தான் தெரியும். பட்டினியையும் கொஞ்ச நாள் தாங்கும். ஆக, அது மெல்லச் சாவதைத்தான் எல்லாரும் அதன் இயல்பு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 1646-ல் தோமஸ் பிரவுன் என்ற ஆங்கில மருத்துவர், மக்களின் பிழையான நம்பிக்கைகளைத் தொகுத்து எழுதிய நூலில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். காற்றுத்தான் சாப்பாடு என்றால் இரைப்பையும் குடலும் இவ்வளவு நீளமான நாக்கும் எதற்கு என்பது அவருடைய வாதம். நேரான கேள்வி. கேட்பதற்கு 1600 வருசம் போயிருக்கிறது.

பிறகு கதை பாரிசுக்குப் போகிறது. இந்த இடம் எனக்குச் சரியான விருப்பம்.

1666-ல் தொடங்கிய பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தில் குளோட் பெரோ என்று ஒருவர் இருந்தார். மருத்துவர், கட்டடக் கலைஞரும்கூட. லூவ்ர் மாளிகையின் கிழக்குத் தூண்வரிசையில் அவருக்குப் பங்குண்டு. சின்ட்ரெல்லா கதையை எழுதிய சார்ல்ஸ் பெரோ அவருடைய தம்பி. கழகத்துக்கு வந்த ஒரு பச்சோந்தியைத் துணியால் சுற்றி வைத்து நிறம் மாறுகிறதா என்று பார்த்தார்கள். அது செத்ததும் அறுத்துப் பார்த்து, 1669-ல் பெரோ ஓர் உடற்கூற்று விவரணம் வெளியிட்டார். பல வருசம் கழித்து 1688-ல் பெரோவும் இறந்தார். ஓர் ஒட்டகத்தை அறுக்கும்போது தொற்றிய நோயால் என்று சொல்வார்கள்.

அதே பாரிசில், அதே காலத்தில், மதலேன் த ஸ்குதெரி என்ற நாவலாசிரியை இருந்தார். 1672-ல் அவருக்கு 65 வயசு. அந்த வருசம் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் இருந்து அவருக்குப் பச்சோந்திகள் வந்து சேர்ந்தன. அவர் அறுக்கவில்லை, வீட்டில் வைத்து வளர்த்தார். அவை தன்னை அடையாளம் காண்கின்றனவா, எப்போது சந்தோசமாக இருக்கின்றன, எப்போது பயப்படுகின்றன என்று குறிப்பெடுத்து, 'இரண்டு பச்சோந்திகளின் வரலாறு' என்று 1688-ல் அச்சிட்டார். விலங்குகள் உயிருள்ள இயந்திரங்கள்தான் என்று தெகார்த்தின் சீடர்கள் பேசிக்கொண்டிருந்த காலம் அது. ஸ்குதெரி அதற்கு மறுப்பாகத் தன் வீட்டுப் பச்சோந்தியைத்தான் காட்டினார்.

முதல் வாசிப்பில் நான் முழுக்க ஸ்குதெரியின் பக்கம். பாசம் இருந்த ஒரே ஆள் அவர்தானே. ஆனால் யோசித்தால், பாசம் எனக்கும் இருந்தது. சப்பாத்துப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் நித்திரை கொண்டேன். பாசத்துக்குத் தெரியாத ஒன்று அந்தப் பிராணிக்குத் தேவைப்பட்டது. அது என்ன என்று கண்டுபிடிக்க இன்னும் 250 வருசம் எடுத்தது. கண்டுபிடித்தவரும் பச்சோந்தியைத் தேடிப் போனவர் இல்லை.

அதற்கு முதல் அமெரிக்காவில் நடந்த ஒரு கூத்து. 1890களில் அங்கே பெண்களின் சட்டையில் உயிருள்ள பல்லியைச் சின்னச் சங்கிலியால் கட்டி, நகை போலக் குத்திக்கொள்வது ஒரு பாஷனாக இருந்தது. 'அமெரிக்கப் பச்சோந்தி' என்று பெயர் வைத்து விற்றார்கள். உண்மையில் அது அனோல் என்ற பச்சைப் பல்லி, பச்சோந்தியின் இனமே இல்லை. மிருகவதைத் தடுப்புச் சங்கங்கள் எதிர்த்தன. ஆனாலும் சேர்க்கஸ் கூடாரங்களில் அதை விற்பது அடுத்த நூற்றாண்டிலும் பல காலம் தொடர்ந்தது. "சீனித் தண்ணி தெளிச்சால் போதும்" என்று சொல்லிக் கொடுத்து அனுப்புவார்களாம். பூச்சி தின்கிற பிராணி சீனித் தண்ணீரில் எத்தனை நாள் தாங்கும்? காற்று என்று பிளினி சொன்ன இடத்தில் சீனி வந்தது, அவ்வளவுதான்.

இனி அந்த 250 வருசக் கேள்விக்கான பதில். 1918–19 குளிர்காலம், பேர்லின். யுத்தம் முடிந்த கையோடு பசி. பிள்ளைகளின் கால் எலும்புகள் வளைந்து கிடந்தன. கணை நோய் என்று நாங்கள் சொல்வது. கூர்ட் ஹுல்ஷின்ஸ்கி என்ற குழந்தை மருத்துவர் அப்படிப்பட்ட பிள்ளைகளைப் புறஊதாக் கதிர் விளக்கின் கீழ் இருத்தினார். எலும்பு தேறியது. ஒரு கைக்கு மட்டும் ஒளி காட்டியபோது ஒளி படாத மற்றக் கையும் சேர்ந்து குணமானது. அப்படியென்றால் தோலில் உண்டாகும் ஏதோ ஒன்று இரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகிறது. அதுதான் பின்னாளில் விற்றமின் டி என்று பெயர் பெற்றது. யூதரான ஹுல்ஷின்ஸ்கி, நாசிகள் வந்த பிறகு ஜேர்மனியை விட்டு எகிப்துக்குப் போய்ச் சேர்ந்தார். ஸ்குதெரியின் பச்சோந்திகள் புறப்பட்டு வந்த அதே நாடு.

பச்சோந்தியின் எலும்புக்கும் இதே ஒளிதான் வேண்டும். 290 முதல் 315 நனோமீற்றர் வரையான கதிர்கள் தோலில் பட்டால்தான் விற்றமின் டி உருவாகும். அது இருந்தால்தான் தின்ற கல்சியம் உடம்பில் சேரும். சாதாரண யன்னல் கண்ணாடி இந்தக் கதிர்களை மறித்துவிடும். கண்ணாடிக்குப் பின்னால் எவ்வளவு வெயில் கொட்டினாலும் அது சூடு மட்டும்தான். பாரிசில் பூட்டிய யன்னலுக்குப் பின்னால் வளர்ந்த எந்தப் பச்சோந்திக்கும் அந்தச் சூடு மட்டும்தான் கிடைத்திருக்கும்.

இந்த விசயத்தைக் கட்டடத்திலேயே கொண்டுவந்தவர் ஜோன் புரொக்டர். பாடசாலைக்கு முதலைக்குட்டி கொண்டுபோன பெண் என்றால் ஆளை விளங்கும். 1923-ல் லண்டன் மிருகக்காட்சிச்சாலையின் ஊர்வனப் பொறுப்பாளரானார். அங்கே 1849-லேயே உலகின் முதல் ஊர்வன இல்லம் திறந்திருந்தார்கள். 1927-ல் அவர் திட்டமிட்டுக் கட்டிய புதிய இல்லத்தில், புறஊதாக் கதிரை உள்ளே விடும் 'வீட்டா' கண்ணாடியைப் பயன்படுத்தினார். ஒவ்வொரு பகுதிக்கும் வேறுவேறு வெப்பம். நான்கு வருசத்தில், 34 வயசில், நோயால் இறந்துபோனார். அவர் செய்த மாதிரிச் சாதாரண மனிதர் வீட்டில் செய்ய, ஊர்வனவற்றுக்கென்றே யூவி-பி குழல் விளக்குகள் கடைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒளி மட்டும் கிடைத்தால் போதுமா? இதற்கு ஹவாயில் ஒரு பதில் இருக்கிறது. 1972-ல் அங்கே ஒரு செல்லப்பிராணிக் கடைக்காரர் கென்யாவில் இருந்து சில டசின் ஜக்சன் பச்சோந்திகளை இறக்கினார். தலையில் மூன்று கொம்பு உள்ள, குட்டி போடும் இனம். பெட்டிகளில் வந்து சேர்ந்தவை வாடி வதங்கிப்போய் இருந்தன. தேறட்டும் என்று கனேயோஹேயில் தன் வீட்டு முற்றத்தில் விட்டார். அவை தேறின. தேறினதோடு நிற்காமல் வேலி தாண்டின, பெருகின, இன்றைக்கு அந்தத் தீவுகளின் உள்ளூர் நத்தைகளையும் பூச்சிகளையும் தின்று தொல்லையாகிவிட்டன. கென்யா 1981-ல் ஏற்றுமதியை நிறுத்திய பிறகு, அமெரிக்கச் சந்தைக்கு ஹவாயில் இருந்தே போயின. அந்தத் தீவுக்கு நடந்தது அநியாயம்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மருந்தில்லை, ஊசியில்லை. ஈரக்காற்று, இலையில் தண்ணீர், இரவில் குளிர்ச்சி, விதம்விதமான பூச்சி, ஏற மரம். சாகக் கிடந்தவை பிழைத்துக்கொண்டன.

வர்த்தகத்தின் மிச்சக் கதையைச் சுருக்கிச் சொல்லலாம். 1977-ல் இருந்து பச்சோந்திகள் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. 1995-ல் மடகஸ்காரில் இருந்து பெரும்பாலான இனங்களின் ஏற்றுமதி நிறுத்தப்பட்டு, நான்கு இனங்கள் மட்டும் விடப்பட்டன. கூண்டிலேயே பொரித்து வளர்க்கக்கூடிய யேமன் பச்சோந்தி, தலையில் முக்காடு போட்ட மாதிரி நிமிர்ந்த கொண்டை உள்ளது, சந்தையைப் பிடித்தது. தம்பியிடம் இருந்ததும் அதுதான்.

அவனைக் கூண்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பார்த்தால், நான் வாசித்த வரலாறு முழுக்க அந்த ஒரு படத்துக்குள் இருந்தது. மீன்தொட்டி மாதிரி நாலு பக்கமும் கண்ணாடி. யன்னலோரம். ஒரு கிண்ணத்தில் தண்ணீர். "யூவி-பி லைட் இருக்கண்ணா, பளிச்செண்டு எரியுது" என்றான். வாங்கி எவ்வளவு காலம் என்று கேட்டேன். இரண்டு வருசம். அந்தக் குழல்கள் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைத் தந்துகொண்டே இருக்கும். தெரியாத கதிர் ஆறு மாதம், ஒரு வருசத்தில் குறைந்துவிடும். பொருத்தும்போது திகதியை எழுதி ஒட்டி வைக்க வேண்டும் என்பதே இதற்காகத்தான். சாப்பாடு சில்வண்டு மட்டும், மேலே கல்சியம் தூள் தூவாமல். வளைந்த காலுக்குக் காரணம் அங்கேயே கிடந்தது. இது முற்றினால் தாடை மெதுமெதுப்பாகும், நீட்டிய நாக்கை உள்ளே இழுக்க முடியாமல் போகும்.

மூடிய கண் அவ்வளவு சுலபமில்லை. பச்சோந்தி பகலில் கண்ணை மூடினால் ஏதோ பாரதூரமாக இருக்கிறது என்று அர்த்தம், ஆனால் எது என்று கண்ணே சொல்லாது. தண்ணீர் குறைந்தால் கண் குழிவிழும், கழிவின் வெள்ளைப்பகுதி செம்மஞ்சளாகும். விற்றமின் ஏ குறைந்தால் இமை வீங்கும். அதற்காக விற்றமினை நாங்களே அள்ளிக் கொடுக்கவும் ஏலாது, கூடினால் நஞ்சு. தலையை மேலே தூக்கி வாயைத் திறந்து மூச்சு விட்டால், வாயில் நுரை தெரிந்தால், நுரையீரல் தொற்றாக இருக்கலாம். சூடு கூடினாலும் வாயைத் திறக்கும். என்னுடையது அந்தப் பெட்டிக்குள் எதற்காக வாயைத் திறந்து திறந்து மூடியது என்று இப்போதும் தெரியாது. காற்றோட்டம் இல்லாத ஈரப் பெட்டியில் தொற்று சுகமாக வரும் என்பது மட்டும் தெரியும். அம்மம்மா காற்றைப் பற்றிச் சொன்னது முழுப் பிழையும் இல்லை.

நிறத்தைப் பற்றியும் கேட்டான், "கறுப்பா மாறிட்டுது, மரக்கொப்பு மாதிரி ஒளியுதோ?" என்று. இங்கேதான் எங்கட அரசியல் பேச்சாளர்கள் ஒரு பிராணிக்கு அநியாயம் செய்கிறார்கள். இருக்கிற இடத்துக்கு ஏற்ற நிறமாக அது மாறிக்கொண்டே இருப்பதில்லை. சூடு, பயம், கோபம், சோடி தேடல் இவைதான் பெரும்பாலும் அதன் நிறத்தில் தெரியும். 2015-ல் ஜெனீவா ஆய்வாளர்கள், தோலின் கீழுள்ள மிகச்சிறிய படிகங்களின் இடைவெளியை மாற்றித்தான் அது நிறம் மாறுகிறது என்று காட்டினார்கள். உள்ளதை மறைக்காமல் வெளியே காட்டும் பிராணியின் பெயரைக் கட்சி மாறுகிறவருக்கு வைத்திருக்கிறோம். தொடர்ந்து மங்கிக் கறுத்திருக்கும் பச்சோந்தி ஒளியவில்லை, சுகமில்லை என்கிறது.

2009-ல் வந்த ஓர் ஆய்வையும் தம்பிக்கு அனுப்பினேன். உணவில் விற்றமின் டி குறைவாகக் கிடைத்த பச்சோந்திகள், தாமாகவே புறஊதா ஒளியில் கூட நேரம் இருந்தனவாம். நிறையக் கிடைத்தவை நிழலுக்குப் போயின. அதற்குத் தெரியும். தெரிந்ததைச் செய்ய இடம் விட வேண்டும், அவ்வளவுதான். பெண் பச்சோந்தி சோடி சேராமலே முட்டை வைக்கும்; தோண்ட ஈரமண் இல்லாவிட்டால் முட்டையை உள்ளேயே தேக்கிச் செத்தும் போகும். அவனுடையது ஆண் என்பதால் அந்தக் கவலை இல்லை.

இங்கே இதை வாசித்துவிட்டு யாரும் வேலிக்குப் போக வேண்டாம். எங்கட வரண்ட பிரதேசத்தில் வாழும் பச்சோந்திக்கு 1768-ல் லோரென்டி என்பவர் வைத்த விஞ்ஞானப் பெயரில் 'சிலோன்' இருக்கிறது. 1937-ம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், பின்னர் வந்த திருத்தங்களோடு, அது பாதுகாக்கப்பட்ட இனம். பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். ஒன்பது வயசில் எனக்கு இது தெரியாது.

தம்பி டொக்டரைக் கண்டுபிடித்தான், ஒரு மணித்தியாலம் பஸ்ஸில் போய். எக்ஸ்ரே எடுத்து, தண்ணீர் ஏற்றி, கல்சியம் மருந்து கொடுத்தார்கள். கண்ணாடித் தொட்டி போய் வலைக்கூண்டு வந்தது. உள்ளே மணிப்பிளான்ட், பெஞ்சமின் அத்தி, மேலே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் ஒரு போத்தல். லைட்டில் திகதி எழுதி ஒட்டியிருக்கிறான். கால் நேராகவில்லை, இனி ஆகாதாம். விழுந்தாலும் அடிபடாமல் தடித்த கொப்புகளாகப் பார்த்துப் பதிவாகக் கட்டியிருக்கிறான்.

போன கிழமை வீடியோ ஒன்று அனுப்பினான். அம்மம்மாவுக்குக் காட்டினேன். இலை நுனியில் ஒரு துளி தொங்குகிறது. பச்சோந்தி ஒரு கண்ணால் அதையும் மற்றக் கண்ணால் கமராவையும் பார்க்கிறது. கனநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மெல்ல வந்து நக்குகிறது. அடுத்த துளி விழும்வரை அப்படியே நிற்கிறது.

"உது தண்ணியெல்லே குடிக்குது" என்றா அம்மம்மா, போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு.